யன்னலை மூடிய ஸ்னோ: ஸ்காபரோவில் ஒரு குளிர்காலம்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில், வாரம் ஒருமுறை, தமிழில் மைண்ட்ஃபுல்னஸ் குழு ஒன்றை நடத்துகிறேன். எட்டு வாரம், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். நான் டொக்டர் அல்ல, உளவள ஆலோசகர். இது அந்தக் குழுவுக்கு வந்த ஓர் அக்காவின் கதை. அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். வயது, வேலை, குடும்ப விபரம் எல்லாவற்றிலும் ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றங்கள் செய்திருக்கிறேன். "எழுதுங்கோ பிள்ளை, ஆனால் என்னை நல்ல பிள்ளையா எழுதாதேங்கோ" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. முதல் மூன்று வாரமும் நான் செய்தது பிழை.

வந்தபோது

நவம்பர் நடுப்பகுதி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி ஒன்றரைக் கிழமை ஆகியிருந்தது. அக்காவுக்கு ஐம்பது கடந்துவிட்டது. பொதி செய்யும் ஃபாக்டரி ஒன்றில் பின்னேர ஷிஃப்ட், மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் வேறு நகரத்தில் படிக்கிறாள். குடியிருப்பது வாடகை பேஸ்மென்ட்.

என்ன செய்கிறது என்று கேட்டேன். "நாலரைக்கே இருண்டு போகுது. அதோட நானும் அணைஞ்சு போறன்" என்றார்.

அணைந்து போவது என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். பதினொரு மணி நேரம் நித்திரை, எழும்பினாலும் களைப்பு. கை கால் ஈரச் சாக்கு மாதிரிப் பாரம். பாண், பணிஸ், இனிப்பு என்று கை தானாகப் போகும். சீனி வருத்தம் இருப்பதால் அதிலே குற்ற உணர்ச்சி வேறு. போன் அடித்தால் எடுக்க மனம் வராது. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி மே மாதத்தில் விட்டுப் போகும். தொடர்ந்து நாலாவது வருடம். குடும்ப டொக்டர் இதைப் பருவகால மனச்சோர்வு என்று சொல்லி, எங்கள் குழுவைப் பற்றியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று முதல் நாளே நேராகக் கேட்டேன். இதைக் கேட்டால் நினைப்பில்லாதவருக்கும் வந்துவிடும் என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். அப்படி வருவதில்லை. அக்கா இல்லை என்றார். ஆனாலும் 9-8-8 என்ற இலக்கத்தை அவர் போனில் பதிந்து கொடுத்தேன். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்கும் உதவி இலக்கம் அது, அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசுவார்கள். நெருக்கடி நேரத்தில் ஆங்கிலம் தேடிப் பிடித்துப் பேச வேண்டும் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

"வின்டர் எண்டால் எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஜூனில் பதினைந்தரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் நேரத்துக்கு வைக்கிறது. அந்த வெளிச்சம் பிந்தினால் நித்திரை, பசி, மனம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். சிலருக்கு அது சோம்பலோடு நின்றுவிடும், சிலருக்கு நோயாகும். இதற்கு 1984 இல் மருத்துவ உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நோர்மன் ரோசென்தால். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர், அங்கே குளிர்காலம் வந்ததும் தன்னிடமே மாற்றத்தைக் கண்டவர். வெயில் நாட்டுக்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்று அக்காவிடம் சொன்னபோது, "அதானே, இங்க பிறந்தவைக்கு எங்க தெரியப்போகுது" என்றார். அவர் குழுவில் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

ஒரு சொல்லுக்குப் பட்ட பாடு

மைண்ட்ஃபுல்னஸுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று குழு தொடங்கும் ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். தியானம் என்றால் கோயில் மண்டபமும் சம்மணம் போட்டு இருப்பதும் நினைவுக்கு வரும், முழங்கால் நோவுள்ளவர்கள் அப்போதே எழும்பிவிடுவார்கள். மன ஒருமைப்பாடு என்றால் மனத்தைக் கட்டிப்போடும் வேலை என்று நினைப்பார்கள். மூலமான பாளிச் சொல்லை எடுப்போம் என்றால் அது 'சதி'. தமிழில் அதைச் சொல்லிக் குழுவுக்கு ஆள் சேர்க்க முடியுமா? கடைசியில் 'கவனிக்கிறது' என்று வைத்துக்கொண்டோம். நடப்பதை நடக்கும்போதே, தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கிறது. அவ்வளவுதான்.

நான் சொல்லிக் கொடுக்கும் எட்டு வாரப் பாடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1979 இல் ஜோன் கபட்-சின் மசாசூசெட்ஸில் தீராத வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்காகத் தொடங்கியது மூலம். அதை மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் மூன்று பேர்: ரொறன்ரோவின் சிண்டெல் சீகல், பிரித்தானியாவின் மார்க் வில்லியம்ஸ், ஜோன் டீஸ்டேல். எங்கள் ஊரிலேயே பாதி பிறந்த முறை என்று சொன்னால் குழுவில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் முந்திரிகை வத்தல். ஒன்றைக் கையில் வைத்து, பார்த்து, முகர்ந்து, காதருகே உருட்டி, பிறகு மெதுவாகச் சாப்பிடுவது. "பொங்கலுக்குள்ள போடுறதை இவ்வளவு நேரம் பாத்ததில்லை" என்றார் அக்கா. இரண்டாம் வாரம் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் உடம்பை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கும் பயிற்சி. விளக்குகளை மங்கலாக்கினேன். பாயில் படுக்கச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் உள்ளபடிதான். ஐந்து நிமிடம் போயிருக்கும், கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கோட் இல்லாமல், சப்பாத்தும் இல்லாமல் சொக்ஸோடு மண்டப வாசல் படியில் நிற்கிறார். வெளியே மைனஸ் எட்டு.

என் கோட்டைப் போர்த்தி உள்ளே கூட்டி வந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கண்ணை மூடச் சொன்னீங்கள், மூடினன். பங்கருக்குள்ள போயிட்டன் பிள்ளை."

2009 இல் வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பங்கரில், அதாவது பதுங்குகுழியில், கழித்தவர். மேலே பனங்குற்றி, வாசலில் சேலையில் தைத்த மண்மூட்டை. இருட்டு, படுத்த நிலை, பக்கத்தில் மற்றவர்கள் மூச்சு விடும் சத்தம். நான் அமைதி என்று நினைத்து உருவாக்கிய அறையில் அதே மூன்றும் இருந்தன. வன்னியிலிருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாடத்தை அப்படியே நடத்தினேன். பயிற்சியே சிலருக்குப் பழைய பயத்தைக் கிளப்பிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்துதான் இருந்தார்கள்.

அன்று இரவு அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வீட்டின் பக்கவாட்டுக் கதவால் ஆறு படி கீழே இறங்க வேண்டும். தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெந்நீர்க் குழாய். படுக்கை அறையில் ஒரேயொரு யன்னல், நிலமட்டத்தில், கூரையோடு ஒட்டி, அரை முழம் உயரம். மேல் வீட்டுக்காரர் நடைபாதை ஸ்னோவைத் தள்ளி அந்த யன்னல் குழிக்குள்தான் குவித்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர்.

பகலிலும் இப்படித்தானா என்று கேட்டேன். ஓம் என்றார். ஏப்ரல் வரைக்கும்.

நான் நிரப்பிய படிவங்களில் நித்திரை, பசி, நாட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. யன்னலுக்குக் கட்டம் இருக்கவில்லை.

கண்ணைத் திறந்துகொண்டு

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். கண்ணை மூடுவதில்லை, படுப்பதில்லை. கதவுக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது, விரும்பிய நேரம் எழும்பிப் போகலாம். மூச்சைக் கவனிக்கச் சொல்வதில்லை. பயந்தவர்களுக்கு மூச்சு பல நேரம் நல்ல இடமல்ல, நெஞ்சு இறுகியிருப்பதைத்தான் அது முதலில் காட்டிக் கொடுக்கும். பதிலாக உள்ளங்கால். தரை எப்படி இருக்கிறது, சூடா குளிரா, குதிக்காலில் பாரமா விரலிலா? அதற்குப் பிறகு காது. கேட்கும் சத்தங்களைத் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரிசையாக அடையாளம் காண்பது.

வீட்டுப் பயிற்சியையும் உட்கார்ந்து செய்வதாக வைக்கவில்லை. ஏற்கெனவே செய்யும் வேலையில் செருகினோம். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் ஏழு நிமிடம். அந்த நடையில் ஸ்னோவைக் கேட்கச் சொன்னேன். இரண்டு கிழமைக்குள் எனக்கே பாடம் எடுத்தார். மைனஸ் இரண்டு மூன்றில் ஸ்னோ ஈரமாக அமுங்கும், சத்தம் வராது. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சப்பாத்தடியில் கிறீச்சிடும். மைனஸ் இருபதில் சத்தம் இன்னும் மெல்லிசாக, "கற்பூரம் நொறுக்கிற மாதிரி" வரும். காலையில் போனில் வெப்பநிலை பார்ப்பதை விட்டுவிட்டு, நடந்து கேட்டு ஊகித்து, பஸ்ஸில் ஏறியபின் போனில் சரிபார்ப்பது அவருடைய விளையாட்டானது. எத்தனையோ வருடமாக அதே பாதையில் தலையைக் குனிந்து நடந்தவர்.

யன்னல் பற்றியும் பேசினோம். மேல் வீட்டுக்காரரிடம் சொல்லலாமே என்றேன். "அவையோட கதைக்கப் போனால் வாடகையைக் கூட்டுவினம்" என்றார். சரி, நாமே அள்ளுவோம். டொலர் கடையில் சின்னப் பிளாஸ்டிக் மண்வெட்டி வாங்கினார். தினமும் காலையில் வெளியே போய், முழங்காலில் நின்று, யன்னல் குழிக்குள் இருக்கும் ஸ்னோவை அள்ளி எறிவது. பத்து நிமிட வேலை. முதல் நாள் அள்ளி முடித்து உள்ளே போனவர், படுக்கையில் ஒரு நீளமான வெளிச்சக் கட்டம் விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தாராம். சூடு இல்லை, ஆனாலும் வெளிச்சம்.

இரவுதான் கடினம். அதிகாலை மூன்று மணிக்குத் தெருவில் ஸ்னோ தள்ளும் வாகனம் வரும். இரும்புத் தகடு தார் வீதியைச் சுரண்டும், பின்னுக்கு எடுக்கும்போது விட்டு விட்டு ஒலி எழுப்பும், பேஸ்மென்ட் சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்கு எழும்பினால் விடியும்வரை நித்திரை இல்லை. இதற்கு நாங்கள் ஒரு வரிசை வைத்தோம். எழும்பிக் காலைத் தரையில் வைப்பது. விளக்கைப் போடுவது. கண்ணில் படும் ஐந்து பொருளைச் சத்தமாகப் பெயர் சொல்வது. பிறகு: "இது ஸ்னோ தள்ளுற வாகனம். இது ஸ்காபரோ. என்ர கால் காபட்டில இருக்கு." முதல் சில தடவை பலிக்கவில்லை. ஜனவரியில் ஒருநாள், பெயர் சொல்லத் தொடங்கி மூன்றாவது பொருளிலேயே நித்திரை வந்துவிட்டது என்று முறைப்பாடு மாதிரிச் சொன்னார்.

மாமி வந்தா

குளிர்காலச் சோர்வுக்குக் குரல் ஒன்று உண்டு. அக்காவிடம் அது சொல்வது: இனி ஏலாது, நீ ஒண்டுக்கும் உதவாத ஆள், பிள்ளையும் அதுதான் தள்ளிப் போயிட்டாள். பாடத்தில் இதற்கு 'எண்ணங்கள் உண்மைகள் அல்ல' என்று ஒரு வாரமே ஒதுக்கியிருக்கிறது. நான் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார், "இது என்ர மாமி கதைக்கிற மாதிரியே இருக்கு."

மாமி இறந்து பதினெட்டு வருடம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் செய்த ஒரு வேலையும் மாமிக்குச் சரிவந்ததில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை. அந்தக் குரல் கேட்டால், "மாமி வந்திட்டா" என்று சொல்லிக்கொள்வார். மாமியோடு வாதாடுவதில்லை, உயிரோடு இருந்தபோதும் அது பலித்ததில்லை. துரத்துவதும் இல்லை, மரியாதை இல்லை. இருக்க ஒரு கதிரை, குடிக்கத் தேத்தண்ணி, அவ பாட்டில் இருப்பா, நான் என் பாட்டில் சமைப்பேன். பாடப் புத்தகத்தின் நாற்பது பக்கம் இந்த ஒரு படத்துக்குள் இருக்கிறது. குழுவில் மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். "போன கிழமை மூண்டு தரம் வந்தவ" என்று ஒருவருக்கொருவர் அறிக்கை கொடுப்பார்கள். ஒருவருடைய மாமி உயிரோடு, அவருடைய வீட்டிலேயே இருந்தார் என்பது வேறு கதை.

ஆறாவது வாரம் தவறவிட்டார், ஏழாவது வாரமும் பிந்தித்தான் வந்தார். அந்தக் கிழமை முழுக்கப் படுக்கையை விட்டு எழும்பவில்லை, மண்வெட்டியைத் தொடவில்லை, வேலைக்கும் இரண்டு நாள் லீவு. மாமிக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் ஏலாத கிழமை என்றார். அப்படியும் கிழமைகள் இருக்கும் என்று சொல்லிவிட்டு அன்றைய பாடத்தைத் தொடர்ந்தோம்.

தைப்பொங்கல் இடையில் வந்தது. குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் சூரியனுக்குப் பொங்கல். ரொறன்ரோவில் அந்த நாட்களில் சூரியன் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் எட்டிப் பார்க்கும், முகில் இருந்தால் அதுவும் இல்லை. அக்கா மின் அடுப்பில் பொங்கி, பானையோடு ஆறு படி ஏறி வெளியே வந்து, அள்ளிய ஸ்னோ குவியலின் மேல் வாழையிலைத் துண்டு ஒன்றைப் போட்டுப் படைத்தாராம். பொங்கல் இரண்டு நிமிடத்தில் ஆறிவிட்டது. "சூரியன் வரேல்லை. ஆனால் கிழக்கு எது எண்டு எனக்குத் தெரியும்தானே."

எது வேலை செய்தது?

ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாளில் (உச்ச எண் 27) நவம்பரில் 17 எடுத்தவர், ஜனவரி கடைசியில் 11, மார்ச் நடுவில் 6. வழக்கமாக மே மாதம் வரை நீள்வது. இதை மைண்ட்ஃபுல்னஸ் செய்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான்.

ஆனால் டிசம்பர் முதல் கிழமையில் டொக்டர் வெளிச்சச் சிகிச்சையையும் தொடங்கியிருந்தார். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு, எழும்பியவுடன் அரை மணி நேரம், முகத்துக்கு முன்னால் சற்றுப் பக்கமாக. வீட்டு விளக்குகள் சில நூறு லக்ஸைத் தாண்டுவதே அரிது என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்று விளங்கும். சீனி வருத்தம் இருப்பதால் முதலில் கண்ணின் விழித்திரையைச் சோதித்த பிறகுதான் கொடுத்தார். கண் நோய் உள்ளவர்களும், மனம் மிதமிஞ்சி எழும்பி விழும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் இந்த விளக்கை வாங்கி வைக்கக் கூடாது. விற்றமின் டி குறைவு என்று மாத்திரையும் கொடுத்தார். மதியம் எழும்பியவர் விளக்குக்காக ஒன்பது மணிக்கு எழும்பத் தொடங்கினார். ஸ்னோ அள்ள வெளியே போனதால் அங்கேயும் வெளிச்சம், முகில் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் இருக்கும். இத்தனையும் ஒன்றாக நடந்தபின் எதற்கு எத்தனை புள்ளி கொடுப்பது?

ஆய்வுகளும் எனக்கு முழு ஆதரவு தரவில்லை. சீகல் குழுவின் முறையைப் பரிசோதித்து 2000 இல் வெளியான முதல் ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ தடவை மனச்சோர்வு வந்தவர்களிடம் நல்ல பலன்: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குத் திரும்ப வந்தது, பயிற்சியும் எடுத்தவர்களில் 37 பேருக்கு. இரண்டே தடவை வந்தவர்களுக்குப் பலன் காணவில்லை. அது பொதுவான மனச்சோர்வு பற்றியது. குளிர்காலச் சோர்வுக்கென்று நெதர்லாந்தில் இதே பயிற்சியை வசந்த காலத்தில், நோய் இல்லாத நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் நோய் வருவதை அது தடுக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. வெயிலில் நின்று ஸ்னோவைக் கவனிக்கப் பழக முடியாது.

இன்னொரு பக்கம், வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹனின் குழு குளிர்காலச் சோர்வுள்ள 177 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு விளக்கும் மறுபாதிக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையும் ஆறு வாரம் கொடுத்தது. அந்த வருடம் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால் விளக்குக்காரர்களில் ஏறத்தாழ 46 வீதத்தினருக்கும், பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களில் 27 வீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. அது மைண்ட்ஃபுல்னஸ் அல்ல. ஆனால் மாமிக்குக் கதிரை போடும் வேலைக்கு அது தூரத்துச் சொந்தம்.

என் கணிப்பைக் கேட்டால்: அக்காவை எழுப்பியது விளக்கு. விளக்கின் முன் போய் இருக்க வைத்தது, மூன்று மணிச் சத்தத்துக்குப் பிறகும் திரும்பி நித்திரை கொள்ள வைத்தது, பேஸ்மென்டையும் பங்கரையும் பிரித்துக் காட்டியது, கவனிக்கிற பழக்கம். யன்னல் குழிக்கு எந்த ஆய்விலும் இடம் இல்லை. நான் அதற்குத்தான் அதிகப் புள்ளி கொடுப்பேன். இப்போது குழுவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே கேட்கிறேன்: எந்த மாடியில் இருக்கிறீர்கள், யன்னல் எந்தப் பக்கம், அதால் என்ன தெரியும்?

அடுத்த வின்டர்

சுகமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன். அடுத்த ஒக்டோபரிலும் சோர்வு வந்தது. இந்த முறை கடிகாரம் மாறுமுன்னரே விளக்கை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். பேஸ்மென்ட் அதேதான், ரொறன்ரோ வாடகைக்கு வேறு எங்கே போவது? மேல் வீட்டுக்காரர் இன்னும் குழிக்குள்தான் ஸ்னோவைத் தள்ளுகிறார். மாமியும் வந்து போகிறா.

முதல் ஸ்னோ விழுந்த நாள் காலை வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் பேச்சு இல்லை. நடக்கும் அசைவு, கோட் உரசும் சத்தம், தூரத்தில் ஒரு பஸ். பன்னிரண்டு செக்கன் கழித்து அக்காவின் குரல்: "இண்டைக்கு மைனஸ் ரெண்டுதான் பிள்ளை. கேளுங்கோ, சத்தமே வரேல்லை."